ஒழுகும் பெட்டியும் மஞ்சள் பலகையும்

தங்கை புருஷன் வக்கீலாக வாய்த்தால் ஃபீஸ் கிடையாது, டீ மட்டும்தான். அந்த டீயைக் குடிக்கத்தான் வக்கீல், தன் மச்சானின் மளிகைக் கடைக்கு வந்திருந்தார். ஐஸ்கிரீம் பெட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீரில் தையல்காரம்மா ஒருவர் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார். தையல் நின்று, பிழைப்பும் நின்று, நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் வந்திருந்தது.

"எச்சரிக்கைப் பலகை வச்சிருந்தேன் மாப்ளே. இதுல என் அஜாக்கிரதை எங்க வந்துச்சு?"

"எப்ப வச்சீங்க?"

"எப்பவும் அங்கதான் நிக்கும். பெட்டி ரெண்டு வருஷமா ஒழுகுது, பலகையும் ரெண்டு வருஷமா நிக்குது."

வழக்கு ஜெயித்த மாதிரிதான் என்று நினைத்தபடி வக்கீல் பார்க்கப் போனார். மஞ்சள் பலகையின் தலையில் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர், அடுத்த அடியில் ஃபைல் ஒரு பக்கம், மானம் ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயோ! பலகை இருக்கே, பாக்கலையா?"

"எந்நேரமும் நிக்கிறதை எவன் மச்சான் மதிப்பான்? கடைக்கு வர்றவங்க விழாம பாத்துக்கறது உங்க பொறுப்பு. ஒழுகுதுன்னு தெரிஞ்சும் சரி பண்ணல. அதனாலதான் அந்தம்மா கை உடைஞ்சுது. உங்களுக்குத் தெரியும்கறதுக்கு இந்தப் பலகையே சாட்சி."

"நீங்க யாருக்கு வக்கீல்?"

"இப்போதைக்கு என் இடுப்புக்கு. கையைக் குடுங்க."

மச்சான் தூக்கிவிட்டார். பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். ஈரத்தின் மேல் ஒரு சாக்கைப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"கோர்ட்டெல்லாம் வேணாம். அந்தம்மாவுக்கு என்ன செய்யணுமோ பேசி முடிச்சிருங்க மாப்ளே."