ஆக்லாந்திலிருந்து நேரடி விமானம்

1

இந்தக் கதை ஒரு போன் திரையில் பிறந்தது. ஆக்லாந்து விமான நிலையத்துக்கும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால், ஓர் இணையதளம் பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பயண நேரம் பதினான்கு மணி என்றது. கீழே கழுத்துத் தலையணை விளம்பரம். அந்த வழியில் நேரடி விமானமே கிடையாது என்பதை மட்டும் சொல்லவில்லை. வரைபடத்தில் ஒரு கோடு கிழித்து, அதன்மேல் இல்லாத விமானத்தை ஓட்டிவிட்டது. என்னைவிடத் துணிச்சலான கதாசிரியர்.

2

சங்கரன்கோவிலில் மழை கொட்டிக்கொண்டிருந்த

(அடித்துவிட்டேன். இங்கே மழை கொட்டினால் அதுவே தனிக்கதை.)

முகம்மது மைதீன் படுக்கையில் கிடந்தார். ஒரு வாரம் தாண்டினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் ஆஷிக் அலி ஆக்லாந்தில் வேலை பார்க்கிறான். அவனுக்கு ஒரு தடவைதான் லீவு. இப்போது வருவதா, வாப்பா மௌத்தான பிறகு அடக்கத்துக்கு வருவதா என்று மைதீனின் மைத்துனர் ஷேக் ஃபரீத் தலைமையில் கூடிப் பேசினார்கள். மைதீனும் அதே அறையில்தான் கிடந்தார். அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை.

"பதினாலு மணி நேரந்தான் போட்டிருக்கு," என்று போனைக் காட்டினார் ஷேக் ஃபரீத். "காலையில மௌத்துன்னா ராத்திரி வந்துருவான். அதுவரைக்கும் ஜனாஸாவ வைக்கலாம். இப்பமே வந்து லீவக் கழிச்சுட்டா, பொறவு அடக்கத்துக்கு என்ன செய்ய?"

"ஐஸ் பெட்டிக்கு நான் சொல்லிருதேன்," என்றார் பக்கத்து வீட்டு முகம்மது அப்சல்.

"மெதுவாப் பேசும்வே. ஆளு முழிச்சிருக்காரு."

3

கதவுத் திரைக்குப் பின்னால் மகள் அப்ரா நின்றாள். இரண்டு ஊர்களில் விமானம் மாறி, திருவனந்தபுரத்திலிருந்து காரில் வர ஒன்றரை நாளாகும் என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவு நேரம் ஜனாஸாவை அடக்கம் செய்யாமல் வைத்திருக்கமாட்டார்கள். இப்போதே கிளம்பினால்தான் அண்ணன் வாப்பாவைப் பார்ப்பான்.

(அப்ராவைப் பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்கவைக்க நினைத்தேன். படித்திருந்தாலும் அந்த அறையில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்பதால் பத்தோடு நிறுத்திவிட்டேன்.)

அப்ரா திரையை விலக்கி, "மாமா, அப்படி ஒரு பிளேனே

அப்ரா துணிந்து

அப்ரா எல்லாருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள்.

4

நான் திட்டமிடாதது ஒன்று நடந்தது. மைதீன் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார்.

"ஏட்டி அப்ரா, பதினாலு மணி நேரந்தானா? மெட்ராஸ் பஸ்ஸுல போற மாதிரிதானட்டி. நாளைக்கே வந்துருவாம்லா. பொறவு ஏன் இன்னும் கிளம்பல?"

ஷேக் ஃபரீத் போன் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

5

முடிவு அ: அப்ரா உண்மையைச் சொல்கிறாள். அண்ணனை உடனே கிளம்பச் சொல்கிறார்கள். ஆனால் நாளைக்கே மகன் வருவான் என்று நம்பியவர் அதற்கு மேலும் தாங்க வேண்டும்.

முடிவு ஆ: "ஆமா வாப்பா," என்கிறாள். அவர் சிரித்தபடி கண்ணை மூடுகிறார். ஆக்லாந்துக்கு யாரும் போன் போடவில்லை.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் பேசாமல் டீ கிளாஸ்களை எடுக்கப் போய்விடுகிறாள், எழுதுகிறவளும் வரியை அடித்துவிடுகிறாள். வாப்பா இன்னும் அவளையே பார்க்கிறார். உங்களுக்குப் பேச வரும் என்றால் அவளுக்காகச் சொல்லுங்கள். மாமாவுக்கும் கேட்கிற மாதிரி.