ஆவியில் அவித்த கொழுந்து

1959 மாசி, முதல் செவ்வாய், காலை ஒன்பதே கால்.

இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆபீசில், மேசை மேல் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, லீவில் ஜப்பான் போன துரை கொண்டுவந்த பச்சைத் தேயிலை டின். மற்றது, பேச்சியம்மாவின் மடியிலிருந்து, திருட்டென்று காவல்கார வாச்சர் பிடித்த ஒரு பிடி கொழுந்து. டின்னைத் துரை சால்வைத் துண்டின் மேல் வைத்திருந்தார். கொழுந்தைப் பழைய பேப்பரில் வைத்திருந்தார்கள்.

மேசைக்கு எதிரே நின்ற பேச்சியம்மா புருஷனை இழந்தவள். வேலை போனால், தோட்டம் கொடுத்த ஒற்றை அறையான லயத்துக் காம்பராவும் போகும். இரண்டு பெண்பிள்ளைகளோடு ரோட்டில் நிற்க வேண்டும். அவளை வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டு தயாராக இருந்தது. துரையின் கையெழுத்து மட்டும் பாக்கி. துரைக்கு அதைவிட அவசரமான வேலை இருந்தது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஜப்பான்காரன் தொண்ணூறு வயசு இருக்கிறான்" என்றார், தோட்டத்துக்காகப் படித்த தமிழில். "நெஞ்சு நல்லது. வயிறு நல்லது. பால் இல்லை. சீனி இல்லை."

லயத்திலும் பால் இல்லை, சீனி இல்லை. தொண்ணூறு வயதுக்காரர் மட்டும் ஏனோ இல்லை.

பெரிய கிளாக்கர் பத்திநாதன் ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது. துரை திரும்பியதும் நேரானது.

"கடல் வாசம் அடிக்குதுங்க சார். உடம்பே லேசாயிருச்சு."

"கரெக்ட். கடல். புல். கொஞ்சம் கீரை." துரை பேச்சியம்மாவைப் பார்த்தார். இருபது வருடம் கொழுந்து பறித்தவள். "நீ குடி. சொல்லு."

கிளாக்கர் தன் கோப்பையையே தாராளமாக நீட்டினார். அது கிட்டத்தட்ட நிறைந்திருந்தது.

அவள் மெதுவாகக் குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்குங்க. கொழுந்து கொஞ்சம் முத்தல். லயத்துல நாங்க குடிக்கிறது இதவிடப் பதமா இருக்கும்."

"வாய மூடு புள்ள" என்றார் கிளாக்கர். "ஊரையே மாட்டிவிட்டுறாத."

துரை நாற்காலியை முன்னே இழுத்தார். "எப்படிச் செய்றது?"

"சட்டியில தண்ணி கொதிக்க வச்சு, வாயில துணி கட்டி, அதுமேல கொழுந்தப் போட்டு அவிக்கிறதுங்க. பொறவு கையால கசக்கி, அடுப்போரமாக் காயவைக்கிறது."

துரை டின்னோடு வந்த காகிதத்தை எடுத்துப் படித்தார். அதிலும் ஆவிதான்.

"ஏன் வறுக்கிறது இல்லை?"

"வறுத்தா வாசம் வாச்சர் மூக்குக்குப் போயிருமுங்க."

ஜப்பான் பல தலைமுறையாகப் பக்குவப்படுத்திய முறையை லயத்தில் ஒரு வாச்சரே கற்றுக்கொடுத்திருந்தார்.

துரை உடனே கொழும்புக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். இந்தத் தோட்டத்திலேயே பச்சைத் தேயிலை செய்யலாம் என்பதைத் தன் சொந்த முயற்சியால் கண்டறிந்திருப்பதாகத் தெரிவித்தார். கையெழுத்திட்டார். பேனா திறந்திருக்கும்போதே கிளாக்கர் பத்துச்சீட்டையும் நகர்த்தினார். துரை அதிலும் கையெழுத்திட்டார். ஆரோக்கியம் வேறு, ஒழுங்கு வேறு.

"நாளைக்குக் காலை பங்களா வா" என்றார் அவளிடம். "அவிச்சுக் காட்டு."

கிளாக்கர் சீட்டை நீட்டினார். "இன்னைக்கு அந்திக்குள்ள காம்பராவக் காலி பண்ணிரணும். வெளங்குதா?"

பேச்சியம்மா சீட்டை வாங்கவில்லை. துரையைப் பார்த்தாள்.

"இன்னைக்குக் காம்பராவ விட்டுட்டு, நாளைக்கு எந்த வீட்டுலருந்துங்க தொரை நான் பங்களாவுக்கு வரணும்?"