சாரத்துச் சந்தில் ஒரு அவரைக்கொடி

சாரம் பகுதியில் தனக்கொடி குடியிருந்த வாடகை வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. ஒரு ஸ்கூட்டரை உள்ளே தள்ளி நிறுத்தலாம், திருப்ப முடியாது. அவ்வளவுதான் அகலம். அந்தச் சந்தால்தான் மாடியில் குடியிருந்த பூர்ணிமாவுக்கும் அவளுக்கும் பேச்சு நின்றுபோனது.

கர்ப்பப்பையை எடுத்த பிறகு கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். துணிக்கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு கிடந்தாள் தனக்கொடி. கணவன் அருள்முருகன் வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவான். பகலெல்லாம் டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமலே, தூக்கமும் வராமல் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் சந்தில் கிடந்த உடைசல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிப் பார்த்தாள். அடியில் நல்ல மண் இருந்தது. அன்றைக்கே வீட்டுக்காரரிடம் கேட்டு, செடி வைக்க அனுமதி வாங்கிவிட்டாள்.

அதே வாரம் பூர்ணிமாவும் அந்தச் சந்தைக் கேட்டாள், வண்டி நிறுத்த. முதலில் கேட்டவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்று வீட்டுக்காரர் நழுவிக்கொண்டார். பூர்ணிமா நேரு வீதியில் ஒரு கடையில் வேலை பார்ப்பவள், தனியாக இருப்பவள். அவள் வண்டி தெருவிலேயே நின்று மழையில் நனைந்தது. யாரோ சீட்டைக் கிழித்துவிட்டுப் போனார்கள். கிழிசல்மேல் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு அவள் கிளம்புவதைப் பார்க்கும்போதெல்லாம் தனக்கொடிக்கு உறுத்தும். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. எழுந்ததும் போய்ப் பார்க்க அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

செடிகளோ தேறவில்லை. இரண்டு சுவருக்கு நடுவே உச்சிவேளையில் கொஞ்ச நேரந்தான் வெயில் விழும். சந்து மண்ணை அள்ளித் தொட்டிகளில் வைத்த மிளகாயும் தக்காளியும் வெளிச்சத்தைத் தேடி நூல் மாதிரி நீண்டு சாய்ந்தன. கீரை வெளுத்துப்போனது. இதற்காகவா அந்தப் பெண்ணோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாய் என்று அருள்முருகன் கேட்டான்.

ஆடியில் ஊன்றிய அவரை மட்டும் சும்மா இருக்கவில்லை. ஜன்னல் கம்பியில் கட்டிவிட்ட சணலைப் பிடித்து மேலே மேலே போய், மாடி பால்கனிக்குள் நுழைந்துவிட்டது. கீழேயிருந்து பார்த்தால் வெறும் தண்டுதான் தெரியும். கார்த்திகையில் ஒரு காலை, கடைக்குப் போன தனக்கொடி தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தாள். பால்கனி முழுக்க ஊதாப்பூ, கொத்துக்கொத்தாகக் காய். சந்தோஷத்தில் கையில் இருந்த பையை மறந்து நின்றாள். அப்புறந்தான், அது இனி தன் கைக்கு எட்டாது என்பது உறைத்தது. எந்த நேரமும் மேலேயிருந்து கத்தரிக்கோல் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து படியேறினாள். கதவைத் திறந்த பூர்ணிமா வழிவிட்டாள். பால்கனிக் கம்பிகளில், பழைய துப்பட்டாவைக் கிழித்த துண்டுகளால் கொடியை இழுத்து இழுத்துக் கட்டியிருந்தது. ஒரு காய்கூடப் பறிக்கவில்லை. சில முற்றி, தோல் சுருங்கித் தொங்கின.

“ஏம்மா, பறிச்சிருக்கக் கூடாதா? முத்திப்போச்சே.”

“உங்க செடி அக்கா. கேக்காம எப்படிப் பறிப்பேன்? கேக்கவும் மனசு வரல.”

தனக்கொடி பறிக்க ஆரம்பித்தாள். எட்டாத கொத்துகளைப் பூர்ணிமா நாற்காலி போட்டு ஏறிப் பறித்துக் கொடுத்தாள். முகத்தில் வெயில் சுளீரென்று அடித்தது. அப்போதுதான் தனக்கொடி பால்கனியைச் சுற்றிப் பார்த்தாள். இவ்வளவு வெயில் இங்கே யாருக்கும் உதவாமல் கிடக்கிறதே என்று தோன்றியது.

“உன் வண்டியைக் கொண்டாந்து சந்துல விடு. என் தொட்டிங்களை இங்க வச்சிக்கட்டுமா?”

பூர்ணிமா நாற்காலியிலிருந்து இறங்கினாள். “தண்ணி நான் ஊத்துறேன். நீங்க தொட்டியத் தூக்கிக்கிட்டுப் படியேறக் கூடாது.”

அன்று மாலையே அருள்முருகன் தொட்டிகளை மேலே ஏற்றினான். அவரையின் வேர் இருந்த மூலையைச் சுற்றிச் செங்கல் அடுக்கினான். வண்டி அதில் இடிக்காமல் நின்றது. மேலே போன தக்காளி நிமிர்ந்துவிட்டது. மிளகாய் திடீர் வெயில் தாங்காமல் கருகிவிட்டதால் வேறு விதை போட வேண்டியிருந்தது. தண்ணீர் மோட்டார் போடுவதில் இரண்டு பேருக்கும் இன்னமும் சின்னச் சின்ன உரசல் வரத்தான் செய்கிறது.

பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்குக் கிளம்பியபோது பூர்ணிமா சாவியைத் தனக்கொடி கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் பகலில் தண்ணீர் ஊற்றப் போனவள், செடிகளுக்கு நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு பகலில் அவளுக்குத் தூக்கம் வந்தது அன்றைக்குத்தான்.