ஆணியில் தொங்கிய மாத்திரைப் பை

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. சோமனூரில் என் தம்பி தனபாலைப் பற்றி யாரைக் கேட்டாலும், பெண்டாட்டிக்கு மாத்திரை வாங்கித் தர மறந்து சாகவிட்டவன் என்றுதான் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த சந்தில் இருப்பவள் நான். நடந்ததை எல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

தம்பி மனைவி புவனாவுக்கு முப்பது வயதுக்குள்ளேயே மூட்டுவாதம் வந்துவிட்டது. காலையில் எழுந்தால் விரல்கள் வீங்கி மடக்க வராது. மகள் வர்ஷினிக்குத் தலை பின்னிவிட முடியாமல் என்னிடம் அனுப்புவாள். வீட்டை ஒட்டியே அவர்களுடைய தறிக்கூடம். தறியில் இழை அறுந்தால் அதை முடிச்சுப் போடக்கூடத் தனபாலைத்தான் கூப்பிட வேண்டும். தைலம், பத்தியம், ஊசி எதற்கும் அந்த வலி மசியவில்லை. கடைசியில் கோயமுத்தூர் டாக்டர் ஒருவர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரமே புவனா சீப்பை எடுத்து மகளுக்கு இரட்டைச் சடை பின்னினாள். பின்னி முடித்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள்.

வலியை எடுத்த மாத்திரை வேறு எதையெல்லாமோ கொடுத்தது. முகம் உப்பி வட்டமாகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், "புருசன் ஆக்கிப் போடறானாட்ட இருக்குது, சதை போட்டுட்டியே அம்மணி" என்று கேலி பேசுவார்கள். புவனாவும் சிரித்து வைப்பாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள். டாக்டர் கொஞ்சங் கொஞ்சமாக மாத்திரையைக் குறைக்கப் பார்த்தார். குறைத்தால் விரல்கள் மறுபடியும் வீங்கின. வருஷக்கணக்கில் அதுவே சோறாகிவிட்டது. போகும்போதெல்லாம் டாக்டர் ஒரே பாட்டைத்தான் பாடுவார். "நீங்களா நிறுத்தீராதீங்கம்மா. உங்க உடம்பு இப்ப இதை நம்பித்தான் இருக்குது. சட்டுன்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து."

தொண்ணூற்று நாலாம் வருஷம் சித்திரை வெயிலில் வர்ஷினிக்கு அம்மை போட்டது. அப்போது அவளுக்கு எட்டு வயது. ஒற்றைப் பிள்ளை. உடம்பெல்லாம் முத்து. வாசலில் வேப்பிலை கட்டினோம், அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினோம். ஆத்தா வந்திருக்கும் வீட்டில் இங்கிலீஷ் மருந்து ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. புவனா தன் மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு போய்த் தறிக்கூடத்து ஆணியில் மாட்டினாள்.

பை மட்டும்தான் இடம் மாறியது என்று நினைத்தோம். மறுநாள் தனபால் தறிக்கூடத்து வாசலில் தண்ணீரும் கையுமாக நின்று கூப்பிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

"ஏனுங்க, நான் போட்டுக்க மாட்டனுங்க. மருந்து தின்ன கையில புள்ளையத் தொட்டு, ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்ன பண்றது?"

"அது தறிக்கூடம் புவனா, ஊடு இல்லை. டாக்டர் சொன்னதை மறந்துபோட்டியா?"

"மறக்கலீங்க. மூணு தண்ணி ஊத்தற வரைக்குந்தானே? என்ற உசுரு அதுவரைக்கும் தாங்கும். புள்ளைக்கு ஒண்ணுன்னா அப்புறம் எனக்கு மாத்திரை எதுக்குங்க?"

நானும் திட்டினேன். "ஆத்தா உன்னையும் பெத்தவதான்டி" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். நாத்தனாரான என்னை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். "நங்கையா, நீங்க பேசாம வேப்பிலை அரைச்சுக் குடுங்க" என்றாள். ஒருநாள் தனபால் மாத்திரையை மோரில் கரைத்துக் கொடுத்தான். ஒரு வாய் வைத்ததுமே கசப்பில் கண்டுபிடித்து மண்ணில் கொட்டிவிட்டாள். தூங்கிக்கொண்டிருந்த மகளின் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள், இனி அப்படிச் செய்யக்கூடாது என்று. அதற்குப் பிறகு அவனால் என்ன செய்ய முடியும்?

விரல்கள் முறுக்கிக்கொண்டன. அந்தக் கையாலேயே வேப்பங்கொழுந்தால் பிள்ளையை வருடிக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தாள். வாய்க்குச் சோறு போகவில்லை, குடித்ததும் வாந்தி. ஆத்தாவுக்கு விரதம் இருக்கிற களைப்பு என்றாள். பிள்ளைக்கு முத்து இறங்க இறங்க இவள் வெளிறிக்கொண்டே போனாள்.

மூன்றாம் தண்ணீர் அன்று வெயிலில் காய்ந்த வேப்பிலைத் தண்ணீரை மகள் தலையில் அவள்தான் ஊற்றினாள். துவட்டிவிட்டு, "எல்லாஞ் செரியாப் போச்சு கண்ணு" என்று முத்தம் கொடுத்தாள். பிறகு எழுந்து தறிக்கூடத்துப் பக்கம் நடந்தாள். ஆணிக்குக் கையை நீட்டியவள் அப்படியே சரிந்தாள்.

டாக்ஸி பிடித்து அதே டாக்டர் இருந்த கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வர்ஷினி அப்பன் சட்டையை விடாமல் கூடவே வந்துவிட்டாள். உள்ளே என்னென்னவோ ஏற்றினார்கள். பொழுது சாயும் நேரம் டாக்டர் வெளியே வந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"அவ்வளவு தூரம் சொன்னேனே, ஏன்யா மாத்திரையை நிறுத்துனீங்க?" என்று கத்தினார்.

தனபால் குனிந்து மகளைப் பார்த்தான். முத்துப் புண் ஆறாத முகம். தலைமுடியில் இன்னும் வேப்பிலை ஒட்டியிருந்தது. அவள் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தீந்துபோச்சுங்க. நான்தான் வாங்கியாற மறந்துபோட்டனுங்க."

டாக்டர் திட்டிய திட்டு அந்த வராந்தா முழுக்கக் கேட்டது. அதைக் கேட்ட யாரோ ஊருக்குக் கொண்டுவந்தார்கள். என் தம்பி இன்றுவரை ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை. நான் ஒருமுறை சண்டைக்குப் போனேன். "அக்கா, என்னால அம்மா செத்துட்டாங்கன்னு அந்தப் புள்ளை காலமெல்லாம் நெனைக்கோணுமா? என்னையவே நெனைச்சுக்கட்டும், விடு" என்றான்.

போன மாதம் வர்ஷினிக்குக் காய்ச்சல். பதின்மூன்று வயது ஆகிவிட்டது. முகம் அப்படியே அவள் அம்மா. தனபால் மருந்துக்கடைக்கு ஓடிப்போய் மாத்திரை வாங்கிவந்து தண்ணீரோடு நீட்டினான். நான் நெற்றியில் பத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் மாத்திரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் மறக்காம வாங்கியாறீங்களாப்பா?"

நான் வாயைத் திறந்துவிட்டேன். தனபால் என்னைப் பார்த்துத் தலையசைத்தான், வேண்டாம் என்று.

"போட்டுக்க கண்ணு" என்றான். அவள் வாங்கி விழுங்கினாள். அது தொண்டையில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைக்க உள்ளே போனான்.