ஏற்றத்தில் நின்றுபோகும் ஜீப்

1

இந்தக் கதையை நான் பஸ் ஜன்னல் வழியாகத் திருடினேன். மலைச்சாலை ஏற்றத்தில் ஒரு பழைய ஜீப் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றிருந்தது. ஒரு பெரியவர் உள்ளே தலையை விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். முன் இருக்கையில் ஓர் அம்மாள் இறங்காமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வளைவில் திரும்பிவிட்டது. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி: "அந்த ஜீப்புக்கு அவரைவிட வயது அதிகம், ஆனால் பிடிவாதத்தில்—"

வேண்டாம். வயதைச் சொல்லித் தொடங்கினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள்.

இன்னொன்று: "மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார்." இதுவும் தேறாது. அவர் மெக்கானிக்காக இருந்தால் கோளாறை இரண்டாம் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார், எனக்குப் பிழைப்பு போய்விடும். ஆகவே அவரைப் பல்செட் செய்பவர் ஆக்கினேன். பல் டாக்டர் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார். இவர் தன் பட்டறையில் உட்கார்ந்து அதற்குப் பல்வரிசை செய்து தருவார். எங்காவது துளி இடைவெளி தெரிந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

3

மனைவியை முதலில் நச்சரிப்பவளாக எழுதினேன். "இந்தத் தகர டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு—" என்று ஆரம்பித்தாள். எனக்கே அலுத்துவிட்டது. அந்த வரியை அடித்துவிட்டு, அவள் ஏன் இறங்கவில்லை என்று யோசித்தேன்.

இடுப்பெலும்பு முறிந்து கூடியவள் அவள். மலைக்கு மேலே அவளுடைய அக்கா படுத்த படுக்கையாக இருக்கிறாள். அதிக நாள் தாங்காது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்குக் காது போய்விட்டதால் போனும் உதவாது. நேரில் போய் முகத்தைப் பார்த்தால்தான் உண்டு. பஸ் பாதி வழியோடு சரி. அதற்கு மேல் கல்லும் பள்ளமும்தான். நடக்க அவளால் முடியாது.

(வாடகை ஜீப் பிடிக்கலாமே என்பீர்கள். மூன்றாம் வரைவில் பிடித்தார்கள். கதை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதனால் அந்த வட்டாரத்து வாடகை ஜீப்புகளையெல்லாம் நானே ஒழித்துக்கட்டினேன்.)

4

மனைவி விழுந்த மாதமே அவர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஜீப்பை இழுத்து வந்தார். எஞ்சினைப் பிரித்தார், பிரேக்கைச் சரிசெய்தார், ஒயரை மாற்றினார், துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தார். வண்டி ஜம்மென்று கிளம்பியது. ஆனால் நீண்ட ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் இருமும், திணறும், நின்றுவிடும். சற்றுப் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். மறுபடி நிற்கும். இக்னிஷன் காயிலை மாற்றினார், பம்பை மாற்றினார், சூட்டினால் இருக்குமோ என்று பெட்ரோல் குழாய்க்கு ஈரத்துணி சுற்றினார். ஒவ்வொரு முறையும் பாதி மலையிலிருந்து திரும்பினார். விடுகிற ஆள் இல்லை அவர்.

அவரோடு நானும் அங்கேயே மாட்டிக்கொண்டேன். ஏன் நிற்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. கடைசியில் தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன்.

"கொஞ்ச நேரம் விட்டா தானா கிளம்புதா?"

"ஆமா."

"டேங்க் மூடிய தொறந்து பாத்தாரா?"

"அத நான் எழுதலையே."

"எழுதுங்க சார். பெட்ரோல் வெளிய போனா அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும். அதுக்குத்தான் மூடியில ஒரு சின்ன ஓட்டை. அத எவனாவது அடைச்சா, டேங்க் பெட்ரோல விடாது. ஏத்தத்துல எஞ்சின் நெறைய குடிக்கும், அப்ப நின்னுடும்; சும்மா விட்டா காத்து மெல்லக் கசிஞ்சு உள்ள போயி மறுபடி ஓடும்."

எவன் அடைத்திருப்பான் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

5

இப்போது அவர் பானெட்டை மூடிவிட்டுக் கையைத் துடைக்கிறார்.

"எல்லாம் பாத்தாச்சு," என்றார்.

"நீங்க உக்கார்ற எடத்துக்குக் கீழதான டேங்க்கு? அங்க பாக்கலையே?"

"அங்க என்னம்மா இருக்கு? மூடியில ஒரு பொத்தல் இருந்துச்சு, அதையும் நான் அடைச்சி..."

சொல்லி முடிக்கவில்லை. இருக்கையைத் தூக்கி மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. பொய்ப்பல்லின் ஈறுக்குப் போடும் மாவால் அடைத்து, தடமே தெரியாமல் தேய்த்து மெருகேற்றியிருந்தார். இத்தனை நாளும் கோளாறின் மேலேயே உட்கார்ந்து கோளாறைத் தேடியிருக்கிறார். அவமானத்தில் அவருக்குக் காது சிவந்தது.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உலகத்துல ஒரு ஓட்டைய நிம்மதியா இருக்க விடமாட்டீங்களே!" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "சீக்கிரம் தொறங்க. அவ காத்துட்டிருப்பா."

பைக்குள்ளிருந்து பல் குடையும் ஊசியை எடுத்து, விரலால் திருகித் திருகி ஓட்டை போட்டார். தான் அடைத்ததைத் தானே திறப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை.

6

முடிவுகள்:

அ) அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். (தித்திக்கிறது.)

ஆ) வாசலில் செருப்புகள் குவிந்து— (எழுதக் கை வரவில்லை.)

நான் இப்படித் தடுமாறிக்கொண்டிருந்தபோது ஜீப் என்னைக் கேட்காமலே ஏறிவிட்டது. நான்கு சக்கரமும் கல்லைக் கவ்வ, முதல் கியரில், எங்கும் நிற்காமல் அக்கா வீட்டு கேட் வரை போய்விட்டது. அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

"அணைச்சா மறுபடி கிளம்புமோ என்னவோ. நீ மெதுவா போயிட்டு வா. நான் ஓட விட்டுக்கிட்டே இருக்கேன்."

"அணைங்க."

"நின்னுட்டா?"

"நின்னா இங்கதான நிக்கப்போகுது? நான் வரவேண்டிய எடம் இதுதான். கையக் குடுங்க."

அவர் சாவியைத் திருப்பினார். சத்தம் அடங்கியது. அவள் இறங்கினாள். ஒவ்வோர் அடியாக இருவரும் கதவு வரை வந்துவிட்டார்கள். கதவு சாத்தியிருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் நான் ஒரு வரியும் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. அவள் இரண்டு கையாலும் அவரைப் பிடித்திருக்கிறாள், அவர் இரண்டு கையாலும் அவளைத் தாங்கியிருக்கிறார்.

கை காலியாக இருப்பது உங்களுக்குத்தான். கதவைத் தட்டுங்கள்.