பத்தொன்பது மைல் பொய்யும் ஒரு வண்டிப் பத்திரமும்

எங்கள் ஃப்ளோரிடா ஓய்வுக் குடியிருப்பில் மனிதர்களைவிடக் கோல்ஃப் வண்டிகள்தான் அதிகம். செத்துப்போன மூன்று வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து நானே கட்டியது என்னுடையது. ஹாரன் அடித்தால் ஏரி முதலைகள் மரியாதையாக ஒதுங்கும். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது இன்னும் பிறக்கவே இல்லை. உரிமைப் பத்திரம் கிடையாது.

குடியிருப்புக்குள் சுற்றப் பத்திரம் தேவையில்லை. ஆனால் என் மனைவி வினி, இடுப்பெலும்பு முறிந்து, பெரிய சாலைக்கு அந்தப் பக்கமுள்ள மருத்துவ இல்லத்தில் படுத்திருந்தாள். காரை விற்றாயிற்று. பத்திரமில்லாமல் அந்தச் சாலையில் சக்கரம் வைத்தால் போலீஸ் பிடிக்கும். பக்கத்து வீட்டு ராஸ்கோ ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரில் கூட்டிப்போவான். எனக்குத் தினமும் போக வேண்டும்.

விளக்கு, கண்ணாடி, சீட் பெல்ட் எல்லாம் மாட்டி, பத்திரம் தரும் சோதனை அலுவலகத்துக்குக் கொண்டுபோக, ராஸ்கோவின் படகு டிரெய்லரில் வண்டியை ஏற்றினேன்.

“யோவ் லோவெல், ஓடுற வண்டியைத் தூக்கிட்டுப் போற ஒரே ஆளு நீதான்யா!”

“பத்திரம் வாங்குறவரைக்கும் அது ரோட்டுல ஓடக்கூடாதுடா. வாயை மூடிட்டு கயித்தை இழு.”

சோதனை அதிகாரி கின்யோனெஸ் அம்மா ஒவ்வொரு திருகையும் தட்டிப் பார்த்தார். முகத்தில் திருப்தி. கடைசியாகக் கேட்டார்: “எவ்ளோ வேகம் போகும் சார்?”

எங்கள் குடியிருப்பில் மணிக்கு இருபது மைலைத் தாண்டக் கூடாது. காவலாளி நிறுத்தினால் கிழவர்கள் அத்தனை பேரும் ஒரே பதிலைச் சொல்வோம். என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது:

“பத்தொம்பதுக்கு மேல போகவே போகாதும்மா!”

அவர் பேனாவை மூடினார். “அப்போ பத்திரம் கிடையாது. ரோட்டுக்கு வர்றதுன்னா இருபதைத் தாண்டணும்.”

ராஸ்கோ டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

நான் அவசரமாகத் திருத்தினேன்: “அம்மா, அது பொய். முப்பத்திரண்டு போகும்.”

“இருபத்தஞ்சுக்கு மேலயும் போகக் கூடாது சார். அடுத்த வாரம் சரிபண்ணிட்டு வாங்க.”

“அடுத்த வாரமா? என் பொண்டாட்டி அங்க விட்டத்தைப் பார்த்துட்டுக் கிடக்கா. நீங்க ஆபீஸ் மூடுறதுக்குள்ள சரிபண்றேன்.”

அங்கேயே வண்டிக்கடியில் புகுந்தேன். முழங்கால் இரண்டும் ஒப்பாரி வைத்தன. வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகை இறுக்கினேன். வண்டி ஆமையைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. தளர்த்தி ஓட்டினேன், கூட உட்கார்ந்த ராஸ்கோவின் தொப்பி பக்கத்து மாவட்டத்துக்குப் பறந்தது. மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி, எண்ணெயும் வியர்வையுமாக நான் வறுத்த கோழி ஆகிவிட்டேன்.

கதவைப் பூட்ட வந்த கின்யோனெஸ் அம்மா, சாவியைப் பையில் போட்டுவிட்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். “ஓட்டுங்க, பார்ப்போம்.”

இருபத்துநாலு. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

அன்று சாயங்காலம் பாதி ஃப்ளோரிடா எனக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்தது. நான் ஒரு மைல்கூடக் கூட்டவில்லை.

வினி படுத்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். “கிழவா, இதுலயா வந்த?”

“சட்டப்படி வந்தேன்டி.”

“சரி, நாளைக்கு வர்றப்போ பொரிச்ச கெளுத்தி வாங்கிட்டு வா. ஆறிப்போறதுக்குள்ள வந்து சேரு.”