ஓடுகிற வண்டிக்குச் சாவி

...இல்லை, சத்தம் மட்டும் கொஞ்சம் கூடினால் போதும், வேறொன்றும் வேண்டாம், வண்டி ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று தெரிந்தால் சரி, ஆனால் இதை மெக்கானிக் சிலம்பரசனிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் ஏன் பாய், உங்களுக்குக் கேக்கலையா என்பான், அதோடு தீர்ந்தது... கோவில்பத்துப் பட்டறை வாசலில் ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்திய தன் வெள்ளைக் காரைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் அஜ்மீர். பட்டறை அவர் ஊர்ப் பட்டினத்திலேயே இருக்கிறது, ஆனால் அங்கே எல்லாரும் தெரிந்த முகம், அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தது. "திருச்சி ஏர்போர்ட் சவாரி வண்டிக்கு எதுக்கு பாய் இது? இளவட்டப் பசங்க கேக்குற சைலன்சர் பைப்பாச்சே" என்று அவன் காலையில் சிரித்தபோது, "இழுவை கூடும்னு சொன்னாங்க தம்பி" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டார். பொய் சொல்ல இப்போதெல்லாம் யோசிப்பதே இல்லை. சவுதியில், தமாமில் ஜெனரேட்டர் அறையில் பதினெட்டு வருஷம்... காதில் பஞ்சைத் திணித்துக்கொண்டு... ஆள் ஊர் வந்து சேர்ந்தார், காது அங்கேயே தங்கிவிட்டது. முதலில் போனது கொசுச் சத்தம், அதற்குச் சந்தோஷம்கூடப் பட்டார். அப்புறம் குக்கர் விசில், அப்புறம் செல்போன் மணி. மனிதர் என்றால் வாயைப் பார்த்துப் பாதி பிடித்துவிடலாம், மீதியைத் தலையாட்டிச் சமாளிக்கலாம், காருக்கு ஏது வாய்? போன வாரம் ஓடுகிற வண்டிக்கு மறுபடி சாவியைத் திருகினார், எதிர்வீட்டு ஜெகபர் அலி ஓடிவந்து கண்ணாடியைத் தட்டி, "என்ன மாமா, ஓடுற வண்டிக்குச் சாவி போடுறீங்க, கறகறன்னு அரைக்கிறது கேக்கலையா?" என்றான். கேக்கலையா. செவிடன் ஓட்டுகிற வண்டியில் எவன் ஏறுவான்? சவாரி போனால் பிழைப்பு போச்சு. அதைவிட வீட்டில் பெண்டாட்டி சுஹைனா... அவளுக்குத் தெரிந்துவிட்டால்? "கூப்புட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறீங்க, சவுதிக்குச் சபர் போயிட்டு வந்து ஆளே மாறிட்டீங்க" என்று போன வருஷமெல்லாம் அழுதாள். திமிர் என்றே நினைத்துக்கொள்ளட்டும், செவிடு என்பதற்குத் திமிர் எவ்வளவோ மேல் என்று இருந்துவிட்டார். நோன்புப் பெருநாளுக்கு அப்புறம் அவள் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். வெறுத்துப் போயிருக்கும்... பின்னே, எத்தனை நாள்தான் சுவரோடு பேசுவாள்?

சிலம்பரசன் காருக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தான். உப்புக்காற்று தின்று சல்லடையாக்கிய பழைய சைலன்சர் மண்ணில் கிடந்தது, அதன் இடத்தில் அளவெடுத்து வெட்டிப் பற்றவைத்த புது ஸ்டீல் பைப், கடைசியில் பளபளவென்று ஒரு மஃப்ளர். காரை இறக்கி, சாவியைத் திருகி, ஓங்கி மிதித்தான். யா அல்லா... கேட்டது, நிஜமாகவே கேட்டது, ஸ்டூல் வழியாக முதுகில் ஏறி நெஞ்சுக்குள் வந்து கேட்டது. டீக்கடையில் நின்றவர்கள் காதைப் பொத்தினார்கள், ஒரு நாய் எடுத்தது ஓட்டம், அஜ்மீருக்குக் கண் கலங்கிவிட்டது. இனிப் பிழைத்துக்கொள்ளலாம், ஏறுகிறவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும், அவர் காதிலா விழப்போகிறது. "போதுமா பாய்?" என்றது அவன் வாய். போதும்யா, போதும். நுனி பிசிறாக இருக்கிறது, தேய்த்துவிடுகிறேன் என்று சைகை காட்டிவிட்டுக் கிரைண்டரை எடுத்தான். பொறி பறந்தது. சட்டென்று நின்றது. முடிந்துவிட்டது போல, எழுந்து பக்கத்தில் போய், "முடிஞ்சிருச்சா தம்பி?" என்றார், கத்தலாகத்தான் இருந்திருக்கும், டீக்கடைக்காரர் திரும்பி ஒரு மாதிரிப் பார்த்தார். சிலம்பரசன் பொறுங்க என்று கையைக் காட்டி, தெருமுனையைக் கண்ணால் சுட்டினான்.

பள்ளிவாசல். மினாராவில் நாலு குழாய் ஸ்பீக்கர், ஒன்று நேரே இவரைப் பார்த்து. மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு. ஓர் இந்து வீட்டுப் பிள்ளை மிஷினை நிறுத்திவிட்டுப் பாங்கு முடியக் காத்திருக்கிறான், அதற்கு நடுவே கத்தியது இவர். இதுவும் போய்விட்டதா, எப்போது போனது? வீட்டில் இருக்கிற நாளில் ஒரு வக்துத் தொழுகைகூடத் தவறியதில்லையே, பாங்கு சொன்னதும் எழுந்துவிடுகிறாரே, தெரிந்துதானே எழுகிறார்... எப்படித் தெரிகிறது? சுஹைனா. அடுப்படியிலிருந்து வருவாள், எதிரே நிற்பாள், முந்தானையை இழுத்துத் தலையில் போடுவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள், இவர் எழுந்து கை கால் கழுவி ஒளுச் செய்யப் போவார். முந்தியெல்லாம் அப்படியா? பாங்கு கேட்டால் இருந்த இடத்திலேயே தலையை மூடிக்கொள்வாள், அடுப்படி என்றால் அடுப்படியிலேயே. எதிரே வந்து நிற்பது எப்போதிலிருந்து? பெருநாளுக்கு அப்புறம்... கூப்பிடுவதை விட்ட பிறகு... அப்படியென்றால் வெறுத்துப் போய் விடவில்லை, தெரிந்துகொண்டுதான்...

சிலம்பரசன் உதடு அசைந்தது. அஜ்மீர் அவன் வாயைப் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார். சாயங்காலம் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு வாசலில் போய் நிறுத்தினால் தெருவே கேட்கும் எதற்கு இந்தப் பைப்பு என்று, ஜெகபர் அலி கேட்பான், அவன் பிள்ளைகள் கேட்கும். சுஹைனா மட்டும் கேட்கமாட்டாள்.